சந்திக்கு இரண்டு பொலிஸ்காரர்

மயிலிட்டியில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்துக்குப் போய், ஒரு பெட்டி மீனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பண்டத்தரிப்பு ஒழுங்கைகளில் விற்பதுதான் பதினாறு வருசமாகப் பஞ்சலிங்கத்தின் பிழைப்பு.

போன வருசம் விடியப்புறம் ரியூசனுக்குப் போன அவருடைய மகள் நிவேதனாவைச் சந்தியில் மணல் ஏற்றும் ரிப்பர் லொறி ஒன்று தட்டிவிட்டுப் போனது. பிள்ளை தப்பினாள். வலது முழங்கால் மட்டும் பிறகு மடங்கவேயில்லை.

சந்திக்குப் பொலிஸ் வேணும் என்று ஊர் மனுப் போட்டது. சம்பளத்துக்குக் காசில்லை என்றார்கள். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள்: இந்தப் பகுதியில் வாகனக்காரருக்குப் போடும் தண்டத்தைக் கூட்டுவது, அந்தக் காசில் இரண்டு பேரை நிறுத்துவது. சம்மதக் கடிதத்தில் முதல் கையெழுத்து பஞ்சலிங்கத்தினுடையது.

"எவ்வளவெண்டாலும் கூட்டட்டும். ரிப்பர்காரன் கட்டட்டும்" என்றார்.

பொலிஸ் வந்தது. காலை ஏழரைக்கு வந்தது. ரிப்பர்கள் அதற்குள் ஓடி முடித்துவிடும்.

ஒழுங்கைக்குள் இறங்கினால் மீன்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவிவிடுவார்கள். அதற்குள் இருந்து கத்தினால் அடுக்களைக்குக் கேட்காது. முகம் தெரியாதவனிடம் யாரும் சட்டியை நீட்டவும் மாட்டார்கள். ஒரு ஒழுங்கையில் இருந்து மற்றதுக்குப் போகச் சந்தியைக் குறுக்கே வெட்டும் தூரம் இருபது மீற்றர்தான் வரும். ஒரு சனிக்கிழமை அந்த இருபது மீற்றரில் விசில் கேட்டது.

ஜெரிசன் என்ற இளம் பொலிஸ்காரன் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச்சீட்டை எழுதத் தொடங்கினான்.

"தம்பி, உங்களை இஞ்ச கொண்டுவந்தவனே நான்தான்."

"தெரியும் அண்ணை. மனுவிலை கையெழுத்து வைச்ச ஆக்களிலை அரைவாசிப்பேர் என்னட்டைப் பிடிபட்டாச்சு."

"அப்ப நேரத்தோட வந்து ரிப்பரை மறியுங்கோவன்."

ஜெரிசன் பேனையை நிறுத்தினான். "விடியப்புறம் ஓடுறது நாலு ரிப்பர். நாலு சீட்டிலை ரெண்டு பேருக்குச் சம்பளம் வருமோ? சீட்டுக் குறைஞ்சா எங்களை எடுத்துப்போடுவினம் அண்ணை."

தண்டத்தைப் பதினாலு நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் லைசென்ஸ் திரும்ப வரும். அதுவரை சீட்டைக் காட்டி ஓடலாம். தவறினால் இருமடங்கு. பஞ்சலிங்கத்துக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு அந்த ஊரில் ஒருவரும் மச்சம் வாங்கமாட்டார்கள். முதல் வெள்ளி காசு போதவில்லை. அடுத்த வெள்ளி, பதினாலாம் நாள், காசைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். கதவு பூட்டியிருந்தது. போயா, பௌர்ணமி விடுமுறை.

"கலண்டர் சுவரிலைதானே தொங்குது?" என்றாள் மனைவி கேதீஸ்வரி.

"வெள்ளியை மட்டும்தான் பாத்தன்."

லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளைத் தொட்டால் அதற்குத் தனித் தண்டம். தொடாமல் இருந்தால் இருமடங்குத் தண்டத்தைக் கட்டக் காசு சேராது. பழைய சைக்கிளில் சின்னப் பெட்டியைக் கட்டினார். பண்டத்தரிப்புக்கு மிதித்துப் போவதற்குள் வெயில் ஏறி, பெட்டியில் சூடை மீனின் வயிறு வெடித்துவிடும். வாடிக்கை வீடுகளில் வேறொருவனின் மீன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்.

மற்ற மீன்காரர் கழுத்துப்பட்டியை இறுக்கிப் பூட்டிய ஹெல்மெட்டோடு, கத்தாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் ஊர்ச் சங்கத்துப் பத்மாவதி ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"அண்ணை, சீட்டுக் குறைஞ்சுபோச்சாம். தண்டத்தை இன்னும் கூட்டாட்டி பொலிஸை எடுக்கினமாம். பிறகு ரிப்பர் பகலிலையும் ஓடும். போனமுறை முதல் ஆள் நீங்கள்தானே?"

"எத்தினை மணிக்கு நிப்பினம்?"

"அதே ஏழரைதான்."

உள்ளே நிவேதனா காலை இழுத்து இழுத்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குத்தான் திரும்பவும் ரியூசன் தொடங்குகிறாள், ஆறு மணிக்கு. பஞ்சலிங்கம் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் இருட்டோடு மகளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி, சந்தியைக் கடந்து, ரியூசன் வாசலில் இறக்கிவிட்டு மயிலிட்டிக்கு மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது வள்ளக்காரர் மீனை விற்று முடித்து, வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.