ஏழு மணி நேரக் கேள்விகள்

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் தொண்ணூறுகளில் டெல்லித் தமிழர் வீடுகளில் ஓடிய கிரைண்டர்களை எடுத்துப் பாருங்கள், பாதி என் கை பட்டதாக இருக்கும். கோட்லாவில் ஒரு தகரக் கொட்டகையில் தனியாளாகத் தொடங்கி, எட்டுப் பேர் வேலை பார்க்கும் பட்டறையாக்கினேன். எந்த இன்ஜினீயரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் கரண்டு நூற்றுப் பத்து வோல்ட்தான் என்று கேள்விப்பட்டதும், அதற்குத் தோதாக மோட்டார் மாற்றிக் கொடுத்தேன். டெல்லியில் எனக்கு முன்னால் அதைச் செய்தவர் யாரும் இல்லை.

அந்த மோட்டார்தான் என்னை அமெரிக்கக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மயூர் விஹார் ஃபிளாட்டில் நான் ஒருவன். மகன் குடும்பத்தோடு குர்காவ்னில். சனிக்கிழமை வருவான், மருந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பான், போய்விடுவான். பேரப்பிள்ளைகளுக்கு இந்திதான். நான் கதை தொடங்கினால் "அச்சா தாதாஜி" என்பார்கள். அதோடு கதை முடிந்தது.

அப்போது ஒரு கூரியர்காரர் தடித்த உறையோடு வந்தார். அமெரிக்காவிலிருந்து கோர்ட் காகிதம் என்றதும், டெல்லியில் முப்பது வருஷம் இருந்தவன் எதைச் செய்வானோ அதைச் செய்தேன். "ஸாஹப் ஊரில் இல்லை" என்று நானே சொல்லித் திருப்பி அனுப்பினேன். இங்கே சம்மனை வாங்காவிட்டால் ஆறு மாதம் ஓடும், வாங்கினாலும் தாரீக் மேல் தாரீக், அதாவது வாய்தா மேல் வாய்தா, போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டலாம். இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை சனிக்கிழமை. மகன் வாங்கிவிட்டான்.

அவனோடு கல்லூரியில் படித்த ஒருவர் அமெரிக்காவில் வக்கீல். போனில் அவரிடம் என்னைப் பேச வைத்தான்.

"மாமா, இது சம்மன்கூட இல்லை. தபால்லயே வாங்கிக்கிறீங்களான்னு மரியாதையா கேக்கறாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா, பதில் சொல்ல தொண்ணூறு நாள் கிடைக்கும்."

"அப்புறம் தாரீக் வாங்கிக்கலாமில்ல?"

"அந்தக் கதையெல்லாம் இங்க நடக்காது. பதில் வரலைன்னா நீங்க இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவாங்க."

வழக்கு இதுதான். என்னிடம் கிரைண்டர் வாங்கிப்போன ஒரு தமிழம்மாவின் இரண்டு விரல்கள் பெல்ட்டில் சிக்கி நசுங்கிவிட்டன. அவர் இருப்பது அமெரிக்காவில் ஓர் ஊர், நான் வேறு நாடு. அதனால் மாநிலக் கோர்ட்டில் போடாமல் மத்திய கோர்ட்டிலேயே போட்டிருந்தார்கள்.

"முதல் பதில்லயே ஒண்ணைச் சொல்லியாகணும், மாமா" என்றார் வக்கீல். "இந்தக் கோர்ட்டுக்கு என் மேல அதிகாரம் இல்லைன்னு. அப்ப விட்டா பிறகு சொல்ல முடியாது. நீங்க வித்தது டெல்லியில. அந்தம்மா பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனாங்க. நீங்க அந்த ஊரைத் தேடிப் போகலை. இதை ஜட்ஜ் ஒத்துக்கிட்டா கேஸ் அங்கேயே முடிஞ்சுது. ஒத்துக்கலைன்னா கடைசி வரைக்கும் அங்க நின்னு நடத்தணும். பட்டறை தாங்காது."

அப்படியே எழுதிப் போட்டார். எதிர்த்தரப்பு விடவில்லை. அதிகாரம் உண்டா இல்லையா என்பதை மட்டும் என்னிடம் நேரில் கேட்க வேண்டும் என்று ஜட்ஜிடம் அனுமதி வாங்கினார்கள். விசாரணைக்கு முன்பே சத்தியம் வாங்கிக் கேட்பார்களாம். ஜட்ஜ் இருக்க மாட்டார். ஒரே நாள், ஏழு மணி நேரம், அதற்கு மேல் கூடாது.

டெல்லியில் ஒரு ஹோட்டல் அறை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வெள்ளைக்காரர், என் வயசு இருக்கும். பேசுவதையெல்லாம் எழுத்து விடாமல் தட்டெழுத ஒரு பெண். மொழிபெயர்க்க லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. என் வக்கீலும் வந்திருந்தார். வெளியே நிறுத்திச் சொன்னார்: "ஆமா, இல்லை, தெரியாது. இந்த மூணுதான் உங்க வாயிலேர்ந்து வரணும். பொய் சொல்ல வேண்டாம். கேக்காததைச் சொல்ல வேண்டாம்."

தலையாட்டினேன். காலையில் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தொழிலை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. பெற்ற மகன்கூடக் கேட்டதில்லை.

சொன்னேன். டெல்லிக்கு டிக்கெட் இல்லாமல் ரயிலேறியது, மோட்டார் கடை வாசலில் படுத்தது, கல் கொத்துகிறவரிடம் அடி வாங்கியது. வெள்ளைக்காரர் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் தட்டினாள். என் வக்கீல் இரண்டு முறை ஆட்சேபணை சொன்னார்; அதையும் தட்டினாள். டீச்சரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அண்ணா, கொஞ்சம் மூச்சு விடுங்க, எனக்கும் தண்ணி குடிக்கணும்" என்றார்.

சாப்பாட்டுக்குப் பின் வெள்ளைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்: அமெரிக்காவில் உங்கள் கிரைண்டரை யாருக்காவது தெரியுமா?

தெரியுமாவா என்றேன். அந்த ஊரில் மட்டும் பதினேழு வீட்டில் ஓடுகிறது என்றேன். பொங்கலுக்குப் பொங்கல் அங்கே உள்ள தமிழ்ச் சங்கத்துக்கு நானே நோட்டீஸ் அனுப்புவேன், பெல்ட் அறுந்தால் பார்சல் போடுவேன், வேறு யாரிடமும் போகாதீர்கள், எனக்கே கடிதம் எழுதுங்கள் என்று சொல்வேன் என்றேன். அத்தனையும் உண்மை. என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் வெள்ளைக்காரர் கை குலுக்கினார். லிஃப்டில் என் வக்கீல் கேட்டார், "ஏன் மாமா?" அன்று மாலை ஆட்டோவில் வீடு திரும்பும்போது உடம்பு லேசாக இருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுதியதன் பிரதி வந்தது, முன்னூறு பக்கத்துக்கு மேல். முப்பது நாளுக்குள் தவறு இருந்தால் திருத்தலாம் என்றார்கள். தவறு ஒன்றும் இல்லை என்றார் வக்கீல். கையெழுத்துப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து ஜட்ஜின் உத்தரவு. மகன்தான் வாசித்தான். அதிகாரம் உண்டு, வழக்கு அங்கேயே நடக்கும்.

"உங்க வார்த்தையை அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்கப்பா."

"எதை?"

"பதினேழு வீடு. நோட்டீஸ். பார்சல்."

"ரயில்ல வந்தது?"

"இல்லை."

"கடை வாசல்ல படுத்தது?"

"அதெல்லாம் எதுக்குப்பா போடுவாங்க?" என்றான். பிறகு காகிதத்திலிருந்து நிமிர்ந்தான். "நீங்க எந்தக் கடை வாசல்ல படுத்தீங்க?"

சொல்ல வாயெடுத்தேன். அவனுக்குப் போன் வந்தது, எழுந்து பால்கனிக்குப் போனான்.

மேலே நடத்தலாம் என்று வக்கீல் சொன்னார். வேண்டாம், ராஜியாகிவிடுவோம் என்றேன். அமெரிக்கக் கரண்டுக்கான பெரிய மோட்டார் உள்ளே அடங்காததால் பெல்ட்டின் மூடியைக் கழற்றி எறிந்தவன் நான்தான். அதை அந்த ஏழு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டறையை விற்றேன். அந்தம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. எட்டுப் பேரும் வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள்.

முன்னூறு பக்கமும் இங்கிலீஷில் இருக்கின்றன. எனக்கு வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு நேரமில்லை.