முத்திரைக்குள் யார் யார்

கணியம்பாடியில் புறப்பட்டு ஆம்பூர் போகும் ஷூ கம்பெனி வேனில் ஜன்னலோர சீட் யாருக்கும் வேண்டாம். மேகலா உட்காரும் இடத்தைச் சுற்றித்தான் அடிதடி. கம்பெனியில் அவள் தையல் லைன் சூப்பர்வைசர். வேனில் ஏறிவிட்டால் கடல் கதை சொல்லும் கடல்காரி. கடலை அவள் பார்த்தது ஒரே முறை, மெரினாவில், அதுவும் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுத நாளில். அதனால் என்ன? அவள் வாயைத் திறந்தால் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுவதுகூட யாருக்கும் தெரியாது.

கதை இதுதான். ஏழு தீவு ராஜாவிடம் படை கிடையாது. அதனால் கொள்ளைக்காரர்களையே கூப்பிட்டு, எதிரிக் கப்பலைக் கொள்ளையடியுங்கள், பாதி எனக்கு, உங்களை எந்தக் கோர்ட்டும் தொடாது என்று ஆளுக்கொரு முத்திரை கொடுத்துவிட்டான். அவர்களில் கெட்டிக்காரி செம்பவளம். அவள் கப்பலில் துடுப்புப் போடும் தத்தை, அரிசி வாங்கக் கரையில் இறங்கியபோது, கொள்ளைக்காரி என்று காவலர்களிடம் மாட்டிக்கொண்டாள். முத்திரையில் இருப்பதோ செம்பவளத்தின் பெயர் மட்டும். தத்தைக்குத் தூக்கா, விடுதலையா?

இந்த இடத்தில் மேகலா வேண்டுமென்றே கதையை நிறுத்தி வைத்தாள். அவளுக்குக் குறும்பு ஜாஸ்தி. வேனே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. டிரைவர் ஜான்சன் மட்டும், "வண்டிக்கு பர்மிட் இருந்தா உள்ள குந்தினு வர்றவங்களுக்கும் சேர்த்துதான?" என்று ஒரே போடாகப் போட்டார். கடைசி சீட்டில் இருந்த ஆஃப்ரீன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தையலுக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பெண், பேச்சே கம்மி.

அந்த வாரம்தான் கம்பெனியில் அது நடந்தது. ஒரு ஜோடி ஷூ என்றால் இடதும் வலதும் ஒரே ஷேடு தோலாக இருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அந்த ஷேடு தோல் வந்து சேரவில்லை. கன்டெய்னரோ கிளம்பியாக வேண்டும். மேனேஜர் கோதண்டபாணி, கிட்டத்தட்ட ஒத்துப்போவதை ஜோடி சேர்க்கச் சொன்னார். ஏதாவது வந்தால் தான் பார்த்துக்கொள்வதாக மேகலாவுக்கு உறுதியும் கொடுத்தார். மேகலா அதை ஆஃப்ரீனிடம் சொன்னாள். அந்தப் பெண் தயங்கியபோது, "நான் இருக்கேன், நீ தை" என்றாள். வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் அனுப்பிய ஆள் முதல் பெட்டியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

கோதண்டபாணி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், பாதி மட்டும்.

"உன் பேரே வராது மேகலா. அந்தப் பொண்ணை நிறுத்திடலாம். புதுசு, யாரும் கேக்க மாட்டாங்க."

மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்த பிறகு மேகலாவுக்குக் கிடைத்த சூப்பர்வைசர் பதவி அது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. பயந்தாள், பயந்துகொண்டேதான் சொன்னாள். அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

"கை அவளோடது சார். தைக்கச் சொன்னது நானு. எனக்குச் சொன்னது நீங்க. நிறுத்துறதுன்னா மேல இருந்து நிறுத்துங்க."

மேலே இருந்து எந்த ஊரில் நிறுத்தினார்கள்? நடுவில் கை வைத்தார்கள். மேகலாவின் சூப்பர்வைசர் பதவி போனது, பழையபடி தையல் மிஷினுக்கே போகச் சொல்லிவிட்டார்கள். ஆஃப்ரீனின் வேலை தப்பியது.

மறுநாள் வேனில் மேகலாவின் பக்கத்து சீட்டுக்கு அடிதடி இல்லை. எல்லாருக்கும் விஷயம் தெரியும், கதை கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. வேலூர் தாண்டியதும் ஆஃப்ரீன் கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்து மேகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தத்தைக்கு இன்னா ஆச்சுக்கா?"

மேகலா கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். செம்பவளமே கோர்ட்டுக்குப் போனாளாம். முத்திரையை மேசைமேல் வைத்து, இது என் ஆளுக்கும் சேர்த்து இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்றாளாம். நீதிபதி முத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தத்தையை விட்டுவிட்டாராம்.

"அப்போ கப்பலு?"

"கப்பல் ஓடுது. இன்னா, இப்ப செம்பவளமும் துடுப்புப் போடணும்."

வேன் கம்பெனி கேட்டில் நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆஃப்ரீன் முதலில் எழுந்து, மேகலாவின் டிபன் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் பக்கத்து மிஷின் காலியாதான் இருக்குக்கா, வாங்க."