ஷூ பெட்டிப் பொட்டலம்

நான் வேலை பார்த்த சுரங்கத்தின் டவுன்ஷிப்பில், வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒரு காவலர் இருந்தார். ஒல்லியான உடம்பு, அதைவிட அகலமான மீசை. மைன்ஸில் எங்களுக்குப் புது ஷூ கொடுக்கும் வாரத்தில் மட்டும் அவர் எல்லோரையும் மறிப்பார். ஈரத்தை உறிஞ்சுவதற்காக ஷூ பெட்டிக்குள் போட்டிருக்கும் சின்னப் பொட்டலம் அவருக்கு வேண்டும். அந்தப் பொட்டலங்களோடு சேர்த்துத்தான் தோட்டாக்களை எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தார்.

பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாமல் போன வருஷத்து மழையில், வங்கி திறக்கும் முன்பே போய் என் பொட்டலத்தைக் கொடுத்தேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய் போட்டுத் துடைக்கலாமே?”

“எண்ணெ உள்ள எறங்குனா மருந்து கெட்டுடும்ங்க. காஞ்ச துணிதான் சரி.”

“இதுவரைக்கும் எத்தனை தடவ சுட்டிருக்கீங்க?”

“இங்க வந்து ஒரு தடவகூட இல்லீங்க.”

“அப்புறம் ஏன் இவ்ளோ பாடு?”

டப்பாவை மூடிவிட்டு மீசையைத் தடவினார்.

“நமுத்த தோட்டாவ வச்சிகினு நின்னா, என் மூஞ்சே காட்டிக் குடுத்துடும் சார்.”

இப்போதெல்லாம் எந்த வங்கிக்குப் போனாலும் நான் காவலரின் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன். சிலரைப் பார்த்தால், உடனே ஓடிப்போய் ஒரு ஜோடி ஷூ வாங்கி வரத் தோன்றுகிறது.