மொபைல் ஹோமும் நாலு இட்லியும்

வீட்டு இன்ஸ்பெக்டர் என்று கார்டில் அடித்திருந்தாலும், நான் பார்த்த உத்தியோகம் முக்கால்வாசி நேரம் வீட்டுக்கு அடியில் மல்லாந்து கிடப்பதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் சான்டா கிளாரா பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். சாதாரண வீடு வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் நம்மவர்கள் பலர் பழைய மொபைல் ஹோம் பக்கம் திரும்பினார்கள். பேர்தான் மொபைல். ஃபேக்டரியில் செய்து, சக்கரம் மாட்டி இழுத்து வந்து, கற்களை அடுக்கி அதன்மேல் உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அது எங்கேயும் போகாது. மேலே பார்த்தால் வீடு மாதிரியேதான் இருக்கும். வியாதியெல்லாம் அடியில்.

ஊரில் பொதுப்பணித்துறையில் பாலம் கட்டிக்கொண்டிருந்தவன் நான். மனைவியின் வேலைக்காக இங்கே வந்து, கிரீன் கார்டு கிடைத்ததும், வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கும் இந்தத் தொழிலில் இறங்கினேன். என்னிடம் வந்தவர்களில் முருகேசனையும் அவர் மனைவி வித்யாவையும் மறக்கவே முடியாது. திருப்பூர்க்காரர்கள். வித்யாவுக்கு எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்து கை நிறையக் கண்ணாடி வளையல். இருந்த அபார்ட்மென்ட்டின் லீஸ் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது, ரென்யூ பண்ண மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு வீடு வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு சொந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று வித்யா முடிவே பண்ணியிருந்தாள்.

கிழக்கு பார்த்த வாசல்

முதல் வீட்டுக்கு முருகேசன் காம்பஸோடு வந்தார். வாசல் அச்சுப்பிசகாமல் கிழக்கு. முகமெல்லாம் பல்லாக, "பாஸ் பண்ணிடுங்க சார்" என்றார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். இந்த வீடுகளின் அடிவயிற்றில் ஒரு கறுப்பு ஷீட்டை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தண்ணீர்க் குழாயும் குளிர் தாங்கும் பஞ்சும் அதற்குள் இருக்கும். அந்த ஷீட் தண்ணீர் கோத்துக்கொண்டு தொங்கியது. என்ன புத்தியோ, விரலால் ஒரு குத்து குத்தினேன். பொத்துக்கொண்டு அத்தனையும் என் மூஞ்சியில் கொட்டியது.

சொட்டச் சொட்ட வெளியே வந்து, குழாயெல்லாம் போய்விட்டது, வேண்டாம் என்றேன். முருகேசன் காம்பஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடியில யாருங்க சார் குடியிருக்கப் போறா?"

கோலிக்குண்டு

இரண்டாவது வீட்டில் பின்பக்கம் ஒரு ரூம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் அதை போனஸ் ரூம் என்றான். முருகேசன் சாமி ரூம் என்றார்; மனசுக்குள் படமெல்லாம் மாட்டிவிட்டார். நான் பாக்கெட்டிலிருந்து கோலிக்குண்டை எடுத்து ஹால் நடுவில் வைத்தேன். என் தொழிலில் இதைவிட நேர்மையான கருவி கிடையாது. அது கொஞ்சம் யோசித்துவிட்டு, கடகடவென்று உருண்டு, கிச்சனைத் தாண்டி, சாமி ரூம் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

யாரோ பர்மிட் வாங்காமல் கட்டிய ரூம். தன் பாரத்தையெல்லாம் பழைய வீட்டின்மேல் போட்டுவிட்டது. அந்தப் பக்கத்துக் கற்கள் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முருகேசன் கோலியை எடுத்து வந்து மறுபடி உருட்டிப் பார்த்து, "குழந்தைக்கு வெளையாட்டாச்சு, இதப் போய் பெருசு பண்றீங்களே சார்" என்றார். வித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏங்க, தொட்டிலும் இப்படித்தான் போகும், பரவால்லையா?"

நாலாவது இட்லி

மூன்றாவது வீடு நம்மவருடையது. ராமநாதன் அங்கிள், மீனாட்சி ஆன்ட்டி. டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரில் மகளோடு போய் இருக்கப்போகிறார்கள். இதை விற்றால்தான் கிளம்ப முடியும். நான் ஷூவைக் கழற்றுவதற்குள் "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் அங்கிள். கோபிசெட்டிபாளையம் என்றதும் தட்டு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே மூன்று இட்லி உள்ளே போய்விட்டது. வேலை முடியும் முன்னே உட்கார்ந்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

நடுவில் எழுந்து பார்த்தேன்; கூரை சுத்தம், ஒயரிங் சுத்தம் என்று நாலாவது இட்லிக்கு மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கிச்சன் தரையில் முகம் பார்க்கலாம். வித்யா அதன் நடுவில் நின்று, "இதாங்க நம்ம வீடு" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "எப்படி ஆன்ட்டி தரைய இவ்ளோ க்ளீனா மெயின்டெய்ன் பண்றீங்க?" என்று கேட்டாள்.

"பதினோரு வருஷமா ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லம்மா. நாலு பக்கெட் தண்ணி ஊத்தி, தேய்ச்சுக் கழுவி விட்டுடுவேன்."

நாலாவது இட்லி தொண்டையில் நின்றது. ஐயோ சாமி! ஊரில் சிமென்ட் தரை, ஊற்றலாம். இது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. மேலே ஒட்டிய ஷீட்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால், டீயில் போட்ட பிஸ்கட்தான். எழுந்து போய் ஸிங்க் ஓரம் வெறுங்காலால் அழுத்தினேன். தரை அமுங்கி மேலே வந்தது. அடியில் போய்ப் பார்த்தால் பலகை கறுத்துப்போய், தொட்டால் உதிர்கிறது.

கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன். மேலே எல்லோரும் சிரித்துப் பேசுவது கேட்டது. சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் காரியம் கெடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் கைக்குழந்தையோடு அந்தத் தரையில் நடக்கவேண்டும். எனக்குப் பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மேலே வந்து சொல்லிவிட்டேன். அங்கிளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாப்பிட்ட கை காயறதுக்குள்ள இப்படிப் பேசறீங்களே தம்பி! எழுதாம விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" முருகேசன் அவருக்கும் மேல் எகிறினார். "மூணாவது வீடு சார் இது! எதைக் காட்டினாலும் நொட்டை சொல்றீங்க. பிரசவத்துக்கு உங்க வீட்டுக்கு வந்துடட்டுங்களா?"

ஆன்ட்டி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நான் கழுவினதாலயா தம்பி?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நேராகப் போய், ஸிங்க் பக்கம் நின்றிருந்த வித்யாவின் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டி வந்து சோபாவில் உட்கார வைத்தார். அங்கிள் ஏதோ சொல்ல வந்தார். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதுங்க தம்பி. புள்ளத்தாச்சி கால் வெக்கிற எடம்."

எழுதினேன். அங்கிள் என்னைத் திட்டிக்கொண்டே ஆள் வைத்து, கிச்சன் தரை முழுவதையும் பெயர்த்து, கெட்டி ப்ளைவுட் போட்டுக் கொடுத்தார். லீஸ் முடிய மூன்று நாள் இருக்கும்போது முருகேசன் அங்கே பால் காய்ச்சினார். மறுவாரம் பெண் குழந்தை பிறந்து, அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. பெரியவர்களும் காப்பெல் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து ரிப்போர்ட்டைக் கொடுத்த பிறகுதான் இட்லி என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்; கொடுத்த பிறகு இதுவரை யாரும் போட்டதில்லை.