பெயர் ஓடும்போது விழுந்த அடி

ஈர மணலின் நெடியும் பீடிப் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் இப்போதும் என் கை தானாக முஷ்டியாக மடங்கும்; சின்ன வயதில் அடி வாங்காமல் நான் படம் பார்த்த நாளே கிடையாது. சங்கரன்கோவிலுக்கு வெளியே டெண்டுக் கொட்டகை போட்டிருந்த காலம், நாடு விடுதலை பெற்று நாலைந்து வருடம் இருக்கும். தரை டிக்கெட்டில் அவனவன் மணலைக் குவித்து உயரமாக உட்காருவான், பின்னால் இருப்பவன் அதை உதைத்துக் கலைப்பான், பிறகு மண்டை உடையும். பயந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். நான் பயந்தவனில்லை.

படத்தில் வேலை செய்தவர்களின் பெயர் அப்போது முதலிலேயே வரும். மணல் குவிக்கிற மும்முரத்தில் ஒருத்தனும் பார்க்க மாட்டான். எங்கள் அய்யாவுக்கு மட்டும் அன்றைக்கு அதுதான் படம். என் அண்ணன் சண்முகம் மெட்ராஸுக்கு ஓடிப்போய், சினிமாவில் சண்டை போடுகிற 'ஸ்டண்டு பார்ட்டி'யில் சேர்ந்திருந்தான்; அவன் சண்டை போட்டதாகச் சொன்ன படம் அன்றைக்குத்தான் கொட்டகைக்கு வந்திருந்தது. "எங்கவே ஸ்டண்டு? அவன் அங்கன கிளப்புக் கடையில எச்சிலை எடுக்கான்" என்று பருத்திக் கடைக் கணக்கப்பிள்ளை மாடசாமி சந்தை நடுவே சொல்லிவிட்டார். "திரையில எம்மவன் பேரு வரும்வே. வரலேன்னா ஆட்டைப் பத்திக்கிட்டு ஊரைவிட்டே போயிருதேன்" என்று அய்யாவும் எல்லார் முன்னாலும் வார்த்தை விட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் எங்கள் வீட்டுப் படிப்பாளி.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் முன்னால் தலைகள் மறைத்தன, எழுந்து நின்றேன். "ஏலே உக்காரு, உன் முதுகுலயா படம் ஓடுது" என்று பின்னாலிருந்து மாடசாமி என் மணல்மேட்டை உதைத்தார். திரும்பி அவர் வயிற்றில் முட்டினேன். சோடா பாட்டில் என் நெற்றியில் இறங்கியது. அய்யா அவரைத் தூக்கி மணலில் அடித்து முகத்தில் குத்தினார். அவருடைய ஆட்கள் அய்யாவின் முதுகில் மூங்கிலை ஒடித்தார்கள். படம் நின்றது. அய்யா ரத்தம் ஒழுக மெஷின் ரூம் வாசலில் போய் நின்று, "பேரை மறுபடி போடும்வே, இல்லேன்னா மெஷின் இருக்காது" என்றார். ஆபரேட்டர் சுருளைத் திருப்பிச் சுற்றிப் போட்டார்.

இந்த முறை ஒருத்தரும் அசையவில்லை. கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து நான் சத்தமாக வாசித்தேன். சண்டை என்ற இடத்தில் மாஸ்டர் பெயரும் அதற்குப் பக்கத்தில் 'பார்ட்டி' என்பதும் மட்டுமே இருந்தன. "சண்முகம்" என்று கத்தி வாசித்தேன். கொட்டகையே எழுத்துத் தெரிந்த மாடசாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் உடைந்த பல்லைத் துப்பிவிட்டு அய்யாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கு அண்ணாச்சி. நானும் வாசிச்சேன்."

அய்யா ஊரைவிட்டுப் போகவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று என் லாரி ஷெட் நிற்கிறது. யார் காலையும் பிடிக்காமல் நான் வாங்கிய இடம். பேரன் திருநெல்வேலிக்குக் காரில் கூட்டிப்போய்ப் படம் காட்டுகிறான். இப்போது பெயர்கள் கடைசியில் வருகின்றன, அடி வாங்கி விழுகிறவன்கூட விடுபடுவதில்லை. அவை ஓடி முடிவதற்குள் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். மறைக்கிறது என்று சண்டைக்கு வர ஒருத்தன் கிடையாது. "தாத்தா, படம் முடிஞ்சிட்டு" என்கிறான் பேரன். நான் எழுந்திருப்பதில்லை. தரை கூட்டுகிற அம்மாள் விளக்குமாறோடு வந்து, நான் வாசித்து முடிக்கட்டும் என்று நிற்பாள். நிற்கட்டும்.