வெயிலில் வைத்த மூடி

லாரிப் பலகையில் மயில் வரைய சிஹாபுதீனை விட்டால் அவனியாபுரத்தில் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு சோற்றுப் பெட்டியிடம் தோற்றுப்போனான். பக்கத்துப் பட்டறைக்காரனான எனக்கும் அதில் பங்கு உண்டு, நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

பெட்டி அவன் மனைவி சைனப்புடையது. கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் பீர் முகமது ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. மூன்று அடுக்கு மரப்பெட்டி, முகம் தெரிகிற கறுப்பு அரக்குப் பூச்சு. மூடியில் இரண்டு கொக்குகள். அரக்கு ஈரமாக இருக்கும்போதே பொன்தூளைத் தூவி வரைந்திருக்கிறார்கள் என்று சிஹாபுதீன் பார்த்ததுமே சொல்லிவிட்டான். அலைகளுக்குச் சிப்பியைச் சீவிப் பதித்திருந்தார்கள். அடுத்த கப்பலில் போன பீர் முகமதுவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஏழு வருஷமாகப் பெருநாள்தோறும் சைனப் முதல் பங்கு பிரியாணியை அந்தப் பெட்டியில் எடுத்துவைத்து, அண்ணன் வருவான் என்று சாயங்காலம்வரை காத்திருப்பாள்.

எழுபத்தெட்டு சித்திரையில் மூடியிலிருந்து ஒரு சிப்பித் துண்டு பெயர்ந்தது. சிஹாபுதீன் அதை ஒட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தான். பெயின்ட் வெயிலில்தான் காய வேண்டும், ஈரம் ஆகாது. எங்கள் தொழிலில் அதுதான் பாடம். "நல்லாக் காயட்டும் மாப்ள" என்று நானும் ஒத்து ஊதினேன். பிற்பாடுதான் தெரிந்தது, அந்த அரக்கு மரத்துப் பாலாம், ஈரக்காற்றில்தான் இறுகுமாம், வெயில் அதற்கு விஷமாம். எவன் கண்டான்? சாயங்காலம் எடுத்தபோது மரம் பிளந்து, கறுப்பு வெளிறி, கொக்கின் கழுத்து பொடியாகக் கையோடு வந்தது.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து, எனாமலில் கறுப்படித்து மஞ்சள் கொக்கு இரண்டு போட்டான். லாரிக் கொக்குதான், ஆனால் நல்ல கொக்கு. சைனப் திட்டினாளா என்று கேட்டேன். திட்டவில்லையாம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாளாம். திட்டியிருந்தால் தேவலை என்றான்.

அந்தப் பெருநாளுக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சைனப் எல்லோருக்கும் பரிமாறினாள். பெட்டியைக் காணோம். என் வாய் சும்மா கிடக்குமா, கேட்டுத் தொலைத்தேன்.

"அடுப்படியில வெங்காயம் போட்டு வச்சிருக்கேண்ணே," என்றாள். "எங்கண்ணே இனி வர மாட்டாரு."

சிஹாபுதீன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கை கழுவ எழுந்துபோனான்.