ரொட்டியும் பெருங்காயமும்

வயிறு கெட்டுக் கிடந்த மூன்று வருடங்களில் நான் தின்ற ரொட்டிக்கு அளவில்லை. உடம்புக்கு முடியாதவர்களுக்கு ரொட்டிதான் லேசு என்பார்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ரொட்டியோ ரஸ்கோ வாங்கி வந்தார்கள். நானும் பாலில் நனைத்துச் சாப்பிட்டேன். பேதி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டும். நான் இளைத்ததைப் பார்த்து, காசநோயாக இருக்குமோ என்று மற்ற டீச்சர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். சளியைப் பரிசோதித்ததில் அது இல்லை என்றாகிவிட்டது. அதற்குப் பிறகும் தள்ளியே உட்கார்ந்தார்கள்.

கடைசியில் நகரத்தில் ஒரு டாக்டர் குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்.

"உங்களுக்குக் கோதுமை ஆகாதும்மா. ரொட்டி, ரவை, மைதா, சேமியா எதுவும் கூடாது. ஆயுசுக்கும்."

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் என் கணவர், "இவ்வளவுதானா? நாம சோறு சாப்பிடறவங்கதானே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சோறும் சாம்பாரும் ரசமுமாக நான்கு மாதம் போயிற்று. பாதிதான் குணமானது. எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது என்றார் டாக்டர். டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அலுத்துப்போய் சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் என் கணவர் மளிகைக் கடையில் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாராம்: "பெருங்காயம் போடுறீங்களா சார்? அதுல மைதா கீது. மாவு கலக்காம எப்டி சார் கட்டியாவும்?"

மூன்று வேளையும் பெருங்காயம் இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் தாளித்ததில்லை. அன்றோடு நிறுத்தினேன். ரசம் வாசனையில்லாமல் போனது. இரண்டு மாதத்தில் ஒரு வகுப்பு முழுக்க நின்று பாடம் நடத்த முடிந்தது.

உடம்பு தேறிவிட்டது. கோதுமை ஆகாது என்று சொல்லிச் சொல்லி வாய்தான் ஓய்ந்துபோனது. ஒவ்வொரு வீட்டிலும் கேசரியை நீட்டுவார்கள். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்பார்கள். ஒருநாள் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அக்கா பெருங்காயம் மணக்கும் சாம்பார் சாதத் தட்டோடு வந்தபோது, விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல், "இன்னிக்கு விரதம்க்கா" என்று பொய் சொன்னேன்.

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? விரதத்துக்கு அரிசிதானே ஆகாது. இரு, கோதுமை ரவையில உப்புமா கிளறித் தரேன், அஞ்சு நிமிஷம்."

அவர் வாணலியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன்.